ஆளற்ற மரக்கலம்

நிலத்தில் நிகழும் நிகழ்ச்சிகள் ஏதேனும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும். நடந்தவன் காலடி மணலிற் பதியும். எரிந்த வீட்டின் சுவர் கரி படிந்து நிற்கும். கடலோ அத்தகையதன்று. ஆயிரம் கலங்கள் சென்ற வழியிலும் ஒரு கலத்தின் தடங்கூட எஞ்சுவதில்லை. பிளந்த நீர் உடனே கூடிக்கொள்கிறது. மூழ்கிய பொருளின்மேல் அலை முன்போலவே ஆடுகிறது. ஆதலின், கடலில் நிகழ்ந்தவற்றுள் பல, கண்டு கூற ஒருவரும் இன்றி மறைந்துபோயின. கண்டவர் இல்லாத இடத்தில் கதை பிறக்கிறது. கதையிலிருந்து ஐயம் பிறக்கிறது. ஐயம் முற்றிப் பழியாகவும் மாறிவிடுகிறது. இவ்வாறு கடலில் நேர்ந்த ஒரு புதிர், கதையாகவும் பழியாகவும் வளர்ந்த வரலாற்றை மேரி செலஸ்ட் என்னும் மரக்கலத்தின் வாயிலாக நாம் அறியலாம்.

மேரி செலஸ்ட் இரண்டு பாய்மரங்களை உடைய கலம். இன்று கனடா நாட்டைச் சேர்ந்துள்ள நோவா ஸ்கோஷியாவின் கரையில், 1861ஆம் ஆண்டில், அது கட்டப்பட்டது. அப்போது அதற்கு அமேசான் என்று பெயரிட்டனர். முதற் பயணத்திலேயே அதன் தலைவர் நோயுற்று இறந்தார். 1867இல் அது புயலில் அகப்பட்டுக் கேப் பிரெட்டன் தீவின் கரையில் ஏறிச் சிதைந்தது. பின்னர் அமெரிக்கர் கைக்கு மாறிய அக்கலம் செப்பனிடப்பெற்று, 1868இல் மேரி செலஸ்ட் என்னும் புதுப்பெயரைப் பெற்றது. 1872ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிகுந்த பொருட்செலவில் அதனை மீண்டும் புதுப்பித்துப் பெரிதாக்கினர். அதன் நீளம் 103 அடியாகவும், கொள்ளளவு 282 டன்னாகவும் உயர்ந்தன. இவ்வரலாற்றைக் காட்டி, அது தொடக்கத்திலேயே தீயூழ் பிடித்த கலம் என்று பிற்காலத்தில் பேசியோர் உண்டு. ஆனால், பாய்க்கப்பல்களின் காலத்தில் புயலைக் காணாத கலமும் கரை தட்டாத கலமும் அரியனவே. பின்னர் நேர்ந்ததை அறிந்த பிறகே, முன்னர் நேர்ந்தவை தீக்குறிகளாகத் தோன்றின.

அக்கலத்தின் தலைவராக அமர்ந்தவர் பெஞ்சமின் ஸ்பூனர் பிரிக்ஸ் என்பவர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மாரியன் என்னும் ஊரினர். அவருக்கு அப்போது வயது 37. கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்தவர். கடவுட்பற்றும் ஒழுக்கமும் உடையவர் என்று பெயர் பெற்றவர். கப்பலில் அவருக்கும் ஒரு பங்கு உரிமை உண்டு. இப்பயணத்தில் அவர் தம் மனைவி சாராவையும், இரண்டு வயது நிரம்பிய மகள் சோபியாவையும் உடன் அழைத்துச் சென்றார். ஏழு வயது மகன் ஆர்தர், பள்ளிப் படிப்புத் தடைப்படலாகாது என்று பாட்டியிடம் விடப்பட்டான். கப்பலில் பணியாளர் எழுவர் இருந்தனர். அவர்களுள் நால்வர் ஜெர்மனி நாட்டின் வட கடலோரத் தீவுகளைச் சேர்ந்த மாலுமிகள். ஆகவே, கலத்தில் இருந்தோர் அனைவரும் பதின்மர்.

கப்பலில் ஏற்றப்பட்ட சரக்கு 1,701 பீப்பாய் எரிசாராயம். அது இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்துக்குச் செல்லவேண்டியது. நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் நியூயார்க்குத் துறையை விட்டு அகன்ற கலம், எதிர்க்காற்றின் காரணமாக இரண்டு நாள் அருகிலேயே நங்கூரமிட்டு நின்று, 7ஆம் நாள் பெருங்கடலுட் சென்றது. அதன்பின் அப்பதின்மரைக் கரையில் இருந்தோர் எவரும் காணவில்லை.

எட்டு நாள் கழித்து, 15ஆம் நாள், டெய் கிரேஷியா என்னும் மற்றொரு கலம் அதே வழியிற் புறப்பட்டது. அதன் தலைவர் மோர்ஹவுஸ் என்பவர். டிசம்பர் 4ஆம் நாள் பிற்பகலில், அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகல் நாட்டுக் கரைக்கும் இடைப்பட்ட கடலில், தொலைவில் ஒரு கலம் தள்ளாடி வருவதை அவர் கண்டார். அதன் பாய்களுட் சில விரிந்திருந்தன. சில கிழிந்து தொங்கின. குறிகாட்டி அழைத்தும் விடை வரவில்லை. நெருங்கிச் சென்றபோது, அது தமக்கு முன்னர்ப் புறப்பட்ட மேரி செலஸ்ட் என்பதை அறிந்தனர். துணைத்தலைவர் ஆலிவர் டெவோவும் வேறொருவரும் படகிற் சென்று அதன்மீது ஏறினர். கலத்தில் ஒருவரும் இல்லை.

டெவோ கண்டவற்றைப் பின்னர் நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறி விரித்துரைத்தார். அவற்றை நாம் கருத்தூன்றி நோக்கவேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் எழுந்த கதைகளை அளப்பதற்கு அவையே அளவுகோல். கப்பலில் இருந்த சிறுபடகைக் காணவில்லை. அடித்தளத்தில் மூன்றரை அடி ஆழத்துக்கு நீர் தேங்கியிருந்தது. அத்துணைக் கலத்துக்கு அது மூழ்கடிக்கும் அளவன்று. நீரிறைக்கும் பொறிகளுள் ஒன்று கழற்றப்பட்டுக் கிடந்தது. நீரின் ஆழத்தை அளக்கும் கோல் மேல்தளத்திற் கிடந்தது. சரக்கறையின் பெருவாயில் மூடியிருந்தது. சிறுவாயில்கள் இரண்டு திறந்திருந்தன. திசைகாட்டியை வைத்திருந்த பெட்டி இடம்பெயர்ந்து, அதன் கண்ணாடி உடைந்திருந்தது. பாயை ஏற்றி இறக்கும் பெருங்கயிறு ஒன்று அறுந்து, அதன் பெரும்பகுதி காணாமற் போயிருந்தது. கடலில் இடமறிய உதவும் கருவிகளும் கப்பலுக்குரிய தாள்களும் இல்லை.

மற்றவை யாவும் இருந்தன. ஆறு திங்களுக்கு வேண்டிய உணவும் நீரும் இருந்தன. சரக்குப் பீப்பாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மாலுமிகளின் உடைகளும், மழைக்கு அணியும் எண்ணெய்த் துணிகளும், புகைக்குழாய்களும் கிடந்தன. தலைவரின் அறையில் சாரா வாசித்த இசைப்பெட்டியும் அவரது தையற்பொறியும் இருந்தன. பயணக் குறிப்பேட்டுக்கு முன்னோடியாக எழுதும் கற்பலகையில் கடைசிக் குறிப்பு நவம்பர் 25ஆம் நாள் காலை 8 மணிக்கு எழுதப்பட்டிருந்தது. அப்போது கலம் அசோர்ஸ் தீவுகளுள் ஒன்றாகிய சாந்தா மரியாவின் அருகில் இருந்தது. அங்கிருந்து ஒன்பது நாட்கள், ஆளில்லாமலே, காற்று செலுத்திய வழியில் அது மிதந்து வந்திருக்கின்றது.

டெய் கிரேஷியாவில் இருந்தோரே மிகச் சிலர். ஆயினும் மோர்ஹவுஸ் அவர்களை இரு கூறாக்கினார். டெவோவும் வேறு இருவரும் மேரி செலஸ்டை ஓட்டி வந்து, டிசம்பர் 13ஆம் நாள் ஜிப்ரால்டர் துறைமுகத்தைச் சேர்ந்தனர். மூவர் மட்டும் அப்பெருங்கலத்தைக் குளிர்காலக் கடலில் செலுத்தியது எளிய செயல் அன்று. கைவிடப்பட்ட கலத்தைக் காத்துக் கரை சேர்த்தவர்க்கு அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பரிசாக அளிப்பது கடல்வழக்குச் சட்டம். அப்பரிசை வழங்குதற்காக ஜிப்ரால்டரில் நீதிமன்றம் கூடியது. ஆனால், அங்கே பாராட்டுக்கு மாறாக ஐயமே அவர்களை எதிர்கொண்டது.

அந்நகரின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர் சாலி பிளட் என்பவர். நடந்தது கொலையே என்று அவர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார். சாராயத்தைக் குடித்து வெறிகொண்ட மாலுமிகள், தலைவரையும் அவர்தம் மனைவி மகளையும் கொன்று தப்பினர் என்பது அவர் கொள்கை. கப்பலின் விளிம்பில் கண்ட கறைகளையும், தலைவரின் கட்டிலடியில் கிடைத்த வாளில் கண்ட கறையையும் குருதி என்றார். கப்பலின் முன்புறத்து மரத்தில் கண்ட கீறல்களைக் கருவிகொண்டு வேண்டுமென்றே செய்தவை என்றார். ஆனால், மருத்துவர் ஒருவர் அக்கறைகளை ஆராய்ந்து, அவற்றில் குருதி இல்லை என்று அறிவித்தார். அமெரிக்கக் கடற்படையின் தலைவர்களுள் ஒருவராகிய ஷூபெல்ட் கலத்தைப் பார்வையிட்டு, முன்புறத்துக் கீறல்கள் கடலலையின் செயலால் இயல்பாக உண்டானவை என்று கூறினார்.

சான்றுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஐயம் மட்டும் விழவில்லை. மாலுமிகள் அல்லரென்றால் மோர்ஹவுசும் அவர் ஆட்களுமே கொலைஞராகலாம் என்ற பேச்சு எழுந்தது. அதுவும் அன்றாயின், பிரிக்சும் மோர்ஹவுசும் கூடிப் பரிசுப் பணத்துக்காகச் செய்த சதியாகலாம் என்ற பேச்சு எழுந்தது. குற்றம் ஒன்றும் மெய்ப்பிக்கப்படவில்லை. இருப்பினும், 1873ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தீர்ப்பு வந்தபோது, கலத்தைக் காத்தவர்களுக்கு 1,700 பவுன் மட்டுமே அளிக்கப்பட்டது. கப்பல், சரக்கு ஆகியவற்றின் மதிப்பில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆகும். அவர்கள் எதிர்பார்த்ததினும் அது மிகக் குறைவு. உயிரைப் பொருட்படுத்தாது ஒரு கலத்தைக் காத்தவர்கள், குறைந்த பரிசையும் குறையாத பழியையும் சுமந்து சென்றனர்.

நம் நாட்டில் வழங்கும் கதை ஒன்றை நீங்கள் கேட்டிருக்கலாம். நோயுற்ற ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அதைக் கண்டவன், காக்கை நிறத்தில் எடுத்தான் என்று அடுத்த வீட்டாரிடம் கூறினான். அவர்கள் காக்கையையே எடுத்தான் என்று அடுத்த தெருவிற் கூறினர். ஊரின் மறுகோடியை அடைந்தபோது அச்செய்தி, காக்கை காக்கையாக எடுத்தான் என்று வளர்ந்துவிட்டது. மேரி செலஸ்டின் கதையும் அவ்வாறே வளர்ந்தது.

1884ஆம் ஆண்டில், அப்போது புகழ் பெறாத இளம் மருத்துவராக இருந்த ஆர்தர் கோனன் டாயில், இந்நிகழ்ச்சியைத் தழுவிச் சிறுகதை ஒன்று எழுதினார். இலண்டனில் வெளிவந்த கார்ன்ஹில் என்னும் இதழில் அது ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. கதையாதலின், அவர் கப்பலின் பெயரை மேரி என்பதற்கு மாறாக மரி செலஸ்ட் என்று எழுதினார்; நடந்ததற்கு மாறாக, படகுகள் யாவும் கப்பலிலேயே இருந்தன என்றும் எழுதினார். கதை எழுதுவோர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆனால், படித்தவருட் பலர் கதையை வரலாறு என்று கொண்டனர். படகு இருக்கும்போதே பத்துப் பேர் மறைந்தனர் என்றால், அது வியப்பினும் வியப்பன்றோ? மெய்யான வரலாற்றில் படகு இல்லை என்னும் சிறு செய்தி, அவ்வியப்பின் பெரும்பகுதியைப் போக்கிவிடும். அச்சிறு செய்தியை மக்கள் மறந்தனர்.

பின்வந்தோர் மேலும் சேர்த்தனர். மேசைமீது பாதி உண்ட உணவு இருந்தது என்றனர். கோப்பையில் தேநீர் ஆறாமல் ஆவி பறந்தது என்றனர். ஆனால், சமைத்த உணவு எதையும் தாம் மேசைமேற் காணவில்லை என்பதே டெவோவின் சாட்சியம். அச்சாட்சியத்தைப் படியாதவரும் சிறிது எண்ணினால் உண்மை புலப்படும். கடைசிக் குறிப்பு எழுதியது நவம்பர் 25ஆம் நாள். கலத்தைக் கண்டது டிசம்பர் 4ஆம் நாள். ஒன்பது நாள் ஆறாத தேநீர் உலகில் உண்டோ?

1913ஆம் ஆண்டில் ஸ்ட்ராண்ட் என்னும் இதழ், ஆபெல் பாஸ்டிக் என்பவர் எழுதிவைத்துச் சென்றதாக ஒரு குறிப்பை வெளியிட்டது. தாம் அக்கலத்தில் மறைவாகச் சென்றதாகவும், நீந்திய தலைவரைக் காண அனைவரும் ஒரு மேடைமேல் நின்றபோது அது முறிந்து வீழ்ந்ததாகவும், சுறாமீன்கள் மற்றவரைக் கொன்றுவிடத் தாம் மட்டும் பிழைத்ததாகவும் அதில் எழுதியிருந்தது. ஆனால், அக்குறிப்பில் பணியாளரின் தொகை பிழைபட்டிருந்தது. இரண்டு வயதுக் குழந்தை ஏழு வயதுச் சிறுமியாக மாறியிருந்தாள். உடன் சென்றவன் ஒருவன் குழந்தையின் வயதை அறியாதிருப்பானோ?

இன்னும் சிலர், பேருருக் கொண்ட கணவாய் மீன் கையை நீட்டி ஒவ்வொருவராகப் பற்றிச் சென்றது என்றனர். அம்மீன் கடற்கருவிகளையும் கப்பலின் தாள்களையும் ஏன் எடுத்துச் சென்றது என்பதற்கு அவர்கள் விடை கூறவில்லை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க இதழ் ஒன்றில், வின்சென்ட் காடிஸ் என்பவர் அட்லாண்டிக் கடலின் ஒரு பகுதிக்குப் பெர்முடா முக்கோணம் என்று பெயரிட்டார். புளோரிடா, பெர்முடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட அந்தக் கடலில், கப்பல்களும் வானூர்திகளும் காரணமின்றி மறைகின்றன என்ற கருத்துப் பரவியது. அவற்றின் வரிசையில் மேரி செலஸ்டின் பெயரையும் சேர்த்து எழுதினர். அக்கலமோ அம்முக்கோணத்துக்கு மிகத் தொலைவில், ஐரோப்பாவை நோக்கிய கடலில் அகப்பட்டது. உலகப் படத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பவர்க்கும் விளங்கும் உண்மை இது. லாரன்ஸ் குஷே என்னும் நூலகர், முக்கோணக் கதைகள் பலவற்றையும் பழைய செய்தித்தாள்கள், ஆவணங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். அமைதியான கடலில் மறைந்தன எனப்பட்ட கலங்களுட் சில புயலில் மூழ்கியவை என்றும், சில வேறிடத்தில் மறைந்தவை என்றும் அவர் காட்டினார்.

இனி, கொலை என்றும் சதி என்றும் கூறுவோர் கருத்தை நடுநிலையோடு நோக்குவோம். கடற்கொள்ளையர் செயலாயின், சரக்கும் உடைமைகளும் தீண்டப்படாமல் இருந்தது எவ்வாறு? மாலுமிகளின் கலகமாயின், கலத்தைக் கைப்பற்றியவர்கள் ஆறு திங்கள் உணவையும் தம் உடைகளையும் விட்டு, குளிர்காலக் கடலில் சிறுபடகேறிச் செல்வரோ? அவர்கள் குடித்ததாகக் கூறப்படும் எரிசாராயமோ, குடித்தவனுக்குக் களிப்பினும் நோயையே மிகுதியாகத் தருவது. லாரன்சன் என்னும் உடன்பிறந்தார் இருவரின் உடைமைகள் கலத்தில் இல்லை என்பதால் அவர்கள்மேல் ஐயம் கொண்டனர். ஆனால், அவர்கள் முன்னரே நேர்ந்த வேறொரு கப்பற் சிதைவில் தம் உடைமைகளை இழந்தவர்கள் என்று அவர்கள் வழியினர் பின்னர் விளக்கினர். பரிசுக்காகச் செய்த சதி என்பதும் பொருந்தவில்லை. பிரிக்ஸ் கப்பலில் தாமே பங்குடையவர். பரிசில் அவருக்கு வரக்கூடிய கூறு மிகச் சிறிது. அதற்காக ஏழு வயது மகனை என்றென்றைக்கும் துறந்து மறைந்தார் என்று எண்ணுவது அறிவுக்கு ஒவ்வாது.

அங்ஙனமாயின், நடந்தது யாது? கலத்தில் கண்ட பொருள்களே நமக்கு ஒருவாறு வழிகாட்டுகின்றன. படகும், கருவிகளும், தாள்களும் இல்லை. உடைகளும் புகைக்குழாய்களும் இருந்தன. எனவே, அவர்கள் விரைந்து புறப்பட்டனர்; ஆயினும் அறிவு கலங்கிப் புறப்படவில்லை. கப்பல் உடனே அழிந்துவிடும் என்று அஞ்சத்தக்க ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கவேண்டும். அறுந்த பெருங்கயிற்றைக் கொண்டு படகைக் கப்பலின் பின்னே கட்டி, இடர் நீங்கியபின் திரும்பலாம் என்று காத்திருந்தனர் போலும். கயிறு அறுந்தோ அவிழ்ந்தோ போனபின், விரிந்த பாய்களோடு கப்பல் முன்னே சென்றுவிட்டது. துடுப்பால் அதனைப் பிடிக்க இயலவில்லை. அறிஞர் பலர் இவ்வாறு கருதுகின்றனர்.

அஞ்சத்தக்க அந்நிகழ்ச்சி யாது என்பதில் இரண்டு கருத்துகள் சிறந்து நிற்கின்றன. ஒன்று, சாராய ஆவியைப் பற்றியது. சரக்கை ஜெனோவாவில் இறக்கியபோது, ஒன்பது பீப்பாய்கள் வெறுமையாக இருந்தன. அவை நுண்துளைகள் மிகுந்த செந்நிறக் கருவாலி மரத்தால் ஆனவை. கசிந்த சாராயம் ஆவியாகி அடித்தளத்தில் நிறைந்திருக்கலாம். அது தீப்பற்றி வெடித்திருக்கலாம். அல்லது வெடிக்கப்போகிறது என்று தலைவர் அஞ்சியிருக்கலாம். வெடித்திருப்பின் கரிந்த அடையாளம் இருக்கவேண்டுமே என்று மறுத்தவர்களுக்கு, 2006ஆம் ஆண்டில் ஒரு சோதனை விடையளித்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வேதியியல் அறிஞர் ஆந்திரியா செல்லா, கப்பலின் அடித்தளத்தைப் போன்ற அமைப்பில், பீப்பாய்களுக்கு மாறாகக் காகிதக் கட்டிகளை அடுக்கி, எரிவாயுவை நிரப்பித் தீ மூட்டினார். பெருஞ்சுடர் எழுந்து ஓடி அடங்கியது, காகிதம் கருகவில்லை. கரியாத வெடிப்பு நிகழக்கூடும் என்பதை இது காட்டியது. அக்கலத்தில் அது நிகழ்ந்தது என்பதை மெய்ப்பிக்கவில்லை.

மற்றொரு கருத்து நீரைப் பற்றியது. நீரிறைக்கும் பொறி கழற்றப்பட்டும், அளவுகோல் மேலே கிடந்தும் இருந்தமையால், தலைவர் அடித்தளத்து நீரைப் பற்றிக் கவலை கொண்டிருந்தார் என்பது தெளிவு. சரக்கு நிறைந்த கலத்தில் அடியிலுள்ள நீரைக் கண்ணால் காண இயலாது. பொறி பழுதுபட்டுக் கோலும் தவறான அளவைக் காட்டியிருப்பின், கலம் மூழ்குகிறது என்று அவர் நம்பியிருக்கலாம். கரையும் அண்மையில் இருந்தது. மனைவியும் பச்சிளங்குழந்தையும் உடனிருக்க, காலம் தாழ்த்தாது படகேறுவது நன்று என்று அவர் துணிந்திருக்கலாம். எக்காரணத்தாலோ, மிதக்கும் கலத்தை விட்டு மூழ்கும் படகில் ஏறியதே அவர்கள் முடிவாயிற்று என்று கருத இடமுண்டு. இதற்கு மேல் துணிந்து கூறச் சான்று இல்லை.

உலகில் சதியே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. மேரி செலஸ்டின் இறுதியே அதற்குச் சான்று. 1885ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அதன் அப்போதைய தலைவராகிய பார்க்கர் என்பவர், எய்ட்டி நாட்டின் கரைக்கு அருகில் அதனைப் பவழப்பாறைமீது வேண்டுமென்றே மோதவிட்டார். பயனற்ற பொருள்களை ஏற்றி, விலையுயர்ந்தவை என்று கூறிக் காப்பீடு செய்திருந்தார்கள். காப்பீட்டாளர் ஐயுற்று ஆராய்ந்தனர். சரக்கின் உண்மை வெளிப்பட்டது; பாறையை நோக்கிச் செலுத்துமாறு தலைவரே ஆணையிட்டார் என்று மாலுமிகள் சான்று கூறினர். பாஸ்டன் நகரில் வழக்கு நடந்தது. நடுவர் குழுவினர் ஒருமனப்படாமையால் பார்க்கர் தண்டனையினின்று தப்பினார். ஆனால் சில திங்களுள் வறுமையுற்று இறந்தார். இங்கும் ஐயமே முதலில் எழுந்தது. ஆனால், அது தாளையும் சரக்கையும் சாட்சியையும் தேடிச் சென்றது. ஜிப்ரால்டரில் எழுந்த ஐயமோ, சான்று பொய்த்த பின்னும் ஆளை மாற்றி ஆளைத் தேடிச் சென்றது. ஆராய்ச்சிக்கும் வதந்திக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். தீர விசாரித்த பின்னும் மெய் முழுதும் புலப்படாத இடங்கள் உண்டு. அவ்விடத்தில், இதுவரை அறிந்தோம், இதற்கு மேல் அறியோம் என்று நிற்பது அறியாமை அன்று. அதுவும் அறிவின்பாற் பட்டதே. அவ்வாறு நிற்க மாட்டாத மனம், இடைவெளியை நிரப்ப யாரேனும் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஆதலின் அவர்மேற் பழி சுமத்துவது எளிது. ஆனால், அவர்தம் சுற்றத்தார் உயிருடன் இருப்பர். மாரியன் ஊரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், தாயும் தந்தையும் தங்கையும் திரும்பும் நாளை நோக்கியிருந்தான். அவர்கள் வரவில்லை. அவர்களைப் பற்றிய கதைகளே வந்தன.

வியப்பான செய்தி ஒன்றை நாம் கேட்கும்போது, அதனைக் கண்டவர் யார், அவர் கூறியது யாது, பின்வந்தோர் சேர்த்தது எவ்வளவு என்று பகுத்து நோக்குவோமாக. அச்செய்தியில் ஒருவர்மேற் பழி இருக்குமாயின், அதனை அடுத்தவர் செவியில் இடுமுன் இருமுறை எண்ணுவோமாக.